எந்தக் கம்பம்?

எடிட்டர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட வந்த இணைப்புல, போன்ல வாயால கேட்டா பக்கத்துல இருக்குற கடைகண்ணிய காட்டுற ஆப்புங்கள ஒப்பிட்டு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. காலை டிபன் கூட்டம் ஓஞ்சதுக்கு அப்புறம் கல்லால உக்காந்து ரெண்டு தடவ படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாரு அந்தத் தம்பி, ஆனா மார்க் போட்ட விதந்தான் எனக்கு ஒத்துக்கல. எந்த ஆப்பு வார்த்தைய சரியா புடிக்குது, எத்தன நொடியில பதில் வருதுன்னு பாத்து நட்சத்திரம் குடுத்திருக்காரு. கேட்ட ஆளு கடைக்குப் போய்ச் சேந்தானா, போனப்ப கடை தொறந்து இருந்துச்சாங்கிறதுக்கு ஒரு கட்டங்கூட இல்ல. அதுக்குத்தான் இந்த லெட்டர். எனக்கு தமிழ்ல டைப் அடிக்க வராது, போன்ல பேசிப் பேசித்தான் எழுதுறேன், எங்க கமா எங்க புள்ளின்னு அதுக்குத் தெரியாது, காலேஜ் படிக்கிற மக உக்காந்து வச்சுக் குடுத்தா, அப்பவும் சில எடத்துல மூச்சு வாங்காம ஓடும், பொறுத்துக்கங்க.

நான் மெஸ் வச்சிருக்குறது குமுளியில. நமக்கு குமுளி, மலையாளத்துக்காரங்களுக்கு குமளி. பொறந்தது கூடலூரு, வாக்கப்பட்டதும் கூடலூருதான், கட மட்டும் செக்போஸ்ட்டுக்கு அங்கிட்டு கேரளாவுல. காலையில கம்பம், கூடலூர்ல இருந்து ஏலத் தோட்டத்து வேலைக்கு ஜீப்புல ஏறி வர்ற பொம்பளைங்க, தேக்கடி பாக்க வர்ற டூரிஸ்ட்டு, கார்த்திகை மார்கழியில மலைக்குப் போற சாமிங்க, இப்படித்தான் நம்ம கூட்டம். ஒரு நாளைக்கு நாலு பாஷை காதுல விழும். அதனால எந்த ஆப்பு எப்படிக் கேக்குதுன்னு எனக்கு கல்லால உக்காந்தே தெரியும், தனியா ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்ல.

போன வருஷம் கார்த்திகையில நடந்தத சொல்றேன். ராத்திரி ஒம்போது மணி இருக்கும், மலைக்குப் போயிட்டுத் திரும்புற ஆந்திரா சாமிங்க ஒரு டெம்போ டிராவலர்ல வந்து மெஸ் வாசல்ல நின்னாங்க. பதினோரு பேரு. வண்டியில பேன் பெல்ட் அறுந்து போச்சு. இட்லி சாப்பிட்டுக்கிட்டே டிரைவரு போன எடுத்து தெலுங்குல கேக்குறாரு, கம்பம்ல மெக்கானிக் வேணும்னு. கம்பந்தான் கீழ எறங்குனா வர்ற பெரிய ஊருன்னு யாரோ சொல்லியிருக்காங்க. போனு டக்குன்னு நாலு நம்பர் காட்டுச்சு. மொத நம்பருக்கு அடிச்சாரு. எடுத்த ஆளு சுத்தமான தெலுங்குல பேசவும் இவரு மொகத்துல அப்படி ஒரு சந்தோஷம், ஸ்பீக்கர்ல போட்டு எல்லாருக்கும் கேக்க வச்சாரு, பாருங்க ஐயப்பன் அருளு, தமிழ்நாட்டுலயும் நம்மாளு ஒருத்தன் கட வச்சிருக்கான்னு. அந்த மெக்கானிக்கு எங்க நிக்கிறீங்கன்னு கேட்டாரு. இவருக்கு எடம் சொல்லத் தெரியல, தேக்கடி ஏரி பக்கத்துல இருக்குங்கிறது மட்டும் தெரியும். ஏரி பக்கம்னு சொன்னாரு. செருவு பக்கனான்னு அவரு கேக்க, அவுனு அவுனுன்னு இவரு சொல்ல, பதி நிமிஷால்லோ வஸ்தான்னு வச்சுட்டாரு.

பத்து நிமிஷம் ஆச்சு, அரைமணி ஆச்சு. சாமிங்க ரெண்டாவது காபியும் குடிச்சு முடிச்சுட்டாங்க. அப்புறம் அந்த மெக்கானிக்கே கூப்புடுறாரு, கொரல்லயே கோவம் தெரியுது, டார்ச் அடிச்சுக்கிட்டு ஏரிக்கரை பூரா சுத்திட்டேன், ஒரு வண்டியுமில்ல, வெளையாடுறீங்களான்னு. எங்க மாமியார் வீட்ல பழைய தெலுங்கு பேசுவாங்க, அதனால நான் போன வாங்கி, அண்ணே நீங்க எந்தக் கம்பம்னு கேட்டேன். அவரு ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, எத்தன கம்பம்மா இருக்குன்னாரு.

ஆந்திராவுல மார்க்காபுரம் பக்கம் ஒரு கம்பம் இருக்கு. இங்கிலீஷ்ல எழுதுனா ரெண்டும் ஒரே எழுத்து. அங்க விஜயநகர ராஜா காலத்து பெரிய ஏரி ஒண்ணு இருக்கு, அதச் சுத்தித்தான் அந்த மனுசன் ராத்திரியில அலைஞ்சிருக்காரு. நேர்கோட்டுல அளந்தாலே இங்க இருந்து 600 கிலோமீட்டருக்கு மேல. கடைசியில மலையடிவாரத்துல இருக்குற லோயர் கேம்ப்ல டெம்போ டிராவலர் ஓட்டுற தம்பிகிட்ட ஸ்பேர் பெல்ட் இருந்துச்சு, ஜீப் ஸ்டாண்டுல சொல்லி வரவழைச்சோம், பதினொன்றரைக்கு வண்டி கெளம்பிருச்சு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா ஐயா, அந்த ஆப்பு ஒரு வார்த்தையும் தப்பா கேக்கல. தெலுங்குல கம்பம்னு சொன்னா அது அந்தக் கம்பந்தான், கேட்டது சரி, காட்டுன நம்பர் சரி, எடுத்த ஆளு மெக்கானிக்குங்கிறதும் சரி. உங்க தம்பி போட்ட மார்க்குப்படி பாத்தா அஞ்சுக்கு அஞ்சு நட்சத்திரம். குமுளியில நின்னுக்கிட்டு ஒருத்தன் கம்பம்னு கேக்குறான், 25 கிலோமீட்டருக்குள்ள ஒரு கம்பம் இருக்கே, அதான் கேக்குறானோன்னு ஒரு தடவ திருப்பிக் கேட்டிருந்தா சோலி முடிஞ்சுது. பாஷைய வச்சு மாநிலத்த முடிவு பண்ணிருச்சு. பார்டர்ல இருக்குற எங்களுக்கு இதான் பெரிய ரோதனை, இங்க பாஷையும் மாநிலமும் ஒண்ணா இருக்காது.

அதுக்கப்புறம் நானும் மகளும் வெளையாட்டாத்தான் ஆரம்பிச்சோம், என் போன்ல ரெண்டு ஆப்பு, அவ போன்ல ஒண்ணு, மருமகன் ஐபோன்ல ஒண்ணுன்னு நாலையும் வரிசையா டேபிள்ல வச்சு ஒரே கேள்விய ஒவ்வொண்ணுகிட்டயும் கேட்டு பில்லு புக்குக்குப் பின்னால எழுதிக்கிட்டு வந்தோம். பேரு போட மாட்டேன், உங்களுக்கு எதுக்கு வம்பு. ஆப்புன்னு அதுக்குப் பேரு வச்சவன் தமிழ் தெரிஞ்சுதான் வச்சிருப்பான்போல, எப்ப யாருக்கு வைக்கும்னு தெரியல.

போடிக்கு பஸ் எப்போன்னு கேட்டேன். ஒரு ஆப்பு, இப்படிப் பேசுறது சரியில்லன்னு எனக்கே புத்தி சொல்லுச்சு. மக விழுந்து விழுந்து சிரிக்கிறா. போடின்னு வாயால சொன்னா அது ஊரா திட்டான்னு அதுக்குத் தெரியல, போடிநாயக்கனூர்னு முழுசா சொன்னாத்தான் புரியுது, முழுசா யாரு சொல்லுவா இங்க.

மெடிக்கல் எங்கன்னு கேட்டோம். நம்ம ஊர்ல மெடிக்கல்னா மருந்துக்கடை, சின்னப் புள்ளைக்கும் தெரியும். ரெண்டு ஆப்பு மெடிக்கல் காலேஜ காட்டுச்சு, அதுவும் தேனியவும் தாண்டி கானாவிலக்குல. தலைவலி மாத்திரைக்கு கானாவிலக்கு போகணுமாம். ஐபோன்ல பார்மசின்னு இங்கிலீஷ்ல கேட்டா ரெண்டு தெரு தள்ளி இருக்குற கடைய காட்டிருச்சு. அப்ப கட அதுக்குள்ள இருக்கு, நம்ம பேச்சுதான் இல்ல.

ஸ்டோர்னு கேட்டது தான் எனக்கு ரொம்ப வருத்தம். ஏலக்காட்டுல ஸ்டோர்னா பச்சக் காய காயவைக்கிற எடம், சூடு ஏத்தி காயப் போடுவாங்களே அது. வேலைக்கு வர்ற புதுப் புள்ளைக ஜீப்ப விட்டு எறங்கி வழி தெரியாம போன்ல இன்ன எஸ்டேட்டு ஸ்டோர்னு கேக்குதுக, நாலு ஆப்பும் ஒண்ணு மாத்தி ஒண்ணு மளிகைக்கடையும் சூப்பர் மார்க்கெட்டுமா வரிசையா அடுக்குது. வண்டன்மேட்டுல இருந்து நெடுங்கண்டம் வரைக்கும் யாரக் கேட்டாலும் ஸ்டோருன்னா இன்னதுன்னு சொல்லுவாங்க, இந்த போனுக்கு மட்டும் சொல்ல ஆளில்ல.

கூடலூர்ல நாட்டு மருந்துக்கடைன்னு கேட்டா மூணு ஆப்பு நீலகிரி கூடலூருக்குப் போயிருச்சு. எங்க கூடலூரு இந்த மலைய எறங்குனா வந்துரும், அந்தக் கூடலூரு ரோட்டு வழியா 300 கிலோமீட்டருக்கு மேல. அதுவும் கேரளா பார்டர், இதுவும் கேரளா பார்டர், சரி, மனுசங்களே கொழம்புறது உண்டுதான். ஆனா அந்த நாலாவது ஆப்பு, எந்தக் கூடலூருன்னு தமிழ்ல திருப்பிக் கேட்டுச்சு. இத நான் சொல்லியே ஆகணும், அன்னைக்கு பூரா எனக்கு மனசு நெறஞ்ச ஒரே பதில் அந்தக் கேள்விதான்.

அதே ஆப்பு அடுத்த கேள்வியில மண்ணக் கவ்விருச்சு, அது வேற விஷயம். மங்கலதேவி கண்ணகி கோவிலுக்கு எப்பப் போகலாம்னு கேட்டா, காலையில ஆறு மணிக்கு நடை தொறக்குது, சாயங்காலம் ஆறு வரைக்கும் போகலாம்னு அழகா ஒரு பொம்பளக் கொரல்ல கத மாதிரி சொல்லுது. அந்தக் கோவிலுக்கு வருஷத்துல ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்னைக்குத்தான் உள்ள விடுவாங்க, ரெண்டு மாநிலத்துக்காரங்களும் சேந்து ஏற்பாடு பண்ணி இங்கிட்டு ஜீப்புலயும் அங்கிட்டு தமிழ்நாட்டுல பளியங்குடி பக்கமிருந்து நடந்தும் ஏறுவாங்க. இந்தப் புதுசா வந்த பேசுற ஆப்புங்ககிட்ட இதான் பயமா இருக்கு, தெரியலன்னு சொல்லவே மாட்டேங்குது. பழைய ஆப்பு தெரியலன்னா மொட்டையா ஒரு லிஸ்ட்ட போட்டுட்டு ஒதுங்கிக்கும், இது நம்புற மாதிரி பேசிருது.

இன்னொரு ஆப்பு ஒண்ணு இருக்கு, கட நம்பர் தேடிக் குடுக்குறது. மிக்ஸி ரிப்பேர்னு ஒரே ஒரு தடவ வாயால கேட்டேன். நம்பர் குடுத்துச்சு, நல்லதுதான். மறுநாள் காலையில ஆறு கடைக்காரங்க எனக்கு போன் போடுறாங்க, அக்கா மிக்ஸி ரிப்பேரான்னு. இட்லி ஊத்துற நேரம். அதுல ஒருத்தரு எர்ணாகுளத்துல இருந்து. நான் கேட்டது எனக்கு பதில் வேணும்னு, என்னைய ஏலத்துல விடுறதுக்கில்ல.

எங்க மெஸ் பேரையே தேடிப் பாத்தோம். போர்டுல வள்ளி மெஸ்னு தமிழ்ல பெருசா எழுதியிருக்கு. வாயால சொன்னா வள்ளி மெஸ்னு ஸ்கிரீன்ல சரியாவே விழுது, ளகரத்த எல்லாம் நல்லா புடிக்குது, ஆனா ஒரு ஆப்புல எங்க மெஸ்ஸு இல்லவே இல்லைன்னு வருது. மக தோண்டிப் பாத்து சொன்னா, உள்ள வல்லின்னு இருக்குதாம். பேரு மொதல்ல இங்கிலீஷ்ல ஏறியிருக்கு, இங்கிலீஷ்ல லகரம் ளகரம் ழகரம் மூணுக்கும் ஒரே எழுத்த போட்டுத் தள்ளிருவாங்க, திரும்ப மெஷினு தமிழாக்கும்போது எது கைக்குக் கெடைச்சுதோ அத வச்சிருது. நான் சரியாச் சொன்னதுதான் இங்க தப்பாப் போச்சு.

மக இதெல்லாம் எப்படி வேல செய்யுதுன்னு சொன்னா, எனக்குப் புரிஞ்ச அளவுக்கு எழுதுறேன். மூணு வேல இருக்குதாம். மொதல்ல காது, சத்தத்த எழுத்தாக்குறது. அப்புறம் புத்தி, அந்த எழுத்துக்கு நம்ம என்னத்த கேக்குறோம்னு புரிஞ்சுக்கிறது. அப்புறம் கணக்குப்புள்ள, எந்தக் கடைய மேல காட்டணும்னு பொறுக்குறது, கேட்டதுக்குப் பொருந்துதா, எவ்வளவு தூரம், எவ்வளவு பிரபலமான கட, இத வச்சுத்தான் கூகுள் வரிசைப்படுத்துறதா அவங்களே சொல்லியிருக்காங்களாம். காது வேல இப்ப நல்லாவே ஆயிருச்சு. 2017ல தான் கூகுள்ல தமிழ்ல பேசி டைப் பண்றது வந்துச்சு, 2018ல மேப்பு தமிழ்ல வழி சொல்ல ஆரம்பிச்சுச்சு, 2021ல கட பேரு ஊர் பேருங்கள மெஷினே இங்கிலீஷ்ல இருந்து தமிழ் எழுத்துக்கு மாத்துற ஏற்பாடு வந்துச்சு. ஐபோன்ல 2024ல வந்த ஐஓஎஸ் 18ங்கிற சாப்ட்வேர்ல இருந்து, அதுல பேசுற சிரின்னு ஒண்ணுகிட்ட இந்திய இங்கிலீஷோட தமிழும் கலந்து பேசலாமாம். இத்தனையும் ஏழு வருஷத்துக்குள்ள. நெனச்சுப் பாத்தா மலைப்பாத்தான் இருக்கு, இல்லேங்கல.

ஆனா வாயால கேட்டு நம்பர் வாங்குறது ஒண்ணும் புதுசில்ல ஐயா. நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது டெலிபோன்ல 197 அடிச்சா எக்ஸ்சேஞ்சுல ஒரு அம்மா எடுப்பாங்க, பேரும் தெருவும் சொன்னா நம்பர் குடுப்பாங்க. எங்க அப்பா ஒரு தடவ கம்பத்துல லாரி ஆபீஸ் நம்பர் கேட்டப்ப, ஒரே பேர்ல ரெண்டு இருக்கு, எந்த ரோட்டுக்காரங்கன்னு அந்தம்மா கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அமெரிக்காவுல கூகுள்காரங்களே 2007ல இப்படி ஒரு போன் நம்பர் நடத்தியிருக்காங்க, கூக் 411னு பேரு, கட பேரும் ஊரும் சொன்னா மெஷினு தேடி லைன போட்டுக் குடுக்கும், காசு கெடையாது. 2010ல மூடிட்டாங்க. அதுல ஜனங்க பேசுன பேச்ச வச்சுத்தான் மெஷினுக்குக் காதப் பழக்குனாங்கன்னு மக சொல்றா. அப்ப நம்ம பேசப் பேசத்தான் அதுக்கும் வரும்னு ஆகுது. எஸ்டேட் பொம்பளைங்க பேச்சு அதுக்குள்ள எத்தன போயிருக்கும்?

எங்ககிட்ட மாவாட்டுற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. அறுபது வயசு. எழுதப் படிக்கத் தெரியாது. இந்த மைக்கு பட்டன் வந்ததுல உண்மையா லாபம் அடையவேண்டிய ஆளு அவங்கதான். பேரன் போன் வாங்கிக் குடுத்திருக்கான், அக்காவும் ஆசையாத்தான் அமுக்குனாங்க. கண்ணாஸ்பத்திரி எங்க இருக்குன்னு கேட்டாங்க, தெளிவா கேட்டுக்கிச்சு, பதில் வருது பாருங்க, பத்து வரி இங்கிலீஷ், நட்சத்திரம், மேப்பு, அம்புக்குறி. அக்கா போன என்கிட்ட நீட்டி, என்னடி இது, நான் வாயால கேட்டா இது ஏன் எழுதிக் காட்டுதுன்னாங்க. நான் என்னத்த சொல்ல. நாலு ஆப்புல ரெண்டுதான் பதில வாயால சொல்லுச்சு, அதுலயும் ஒண்ணு கட பேர மட்டும் சொல்லிட்டு மிச்சத்த ஸ்கிரீன்ல பாத்துக்கன்னுருச்சு. போன் போடவான்னு ஒரு ஆப்பும் கேக்கல. படிக்கத் தெரிஞ்சவனுக்கு இது கை வலிக்காம இருக்க ஒரு வசதி, அவ்வளவுதான். படிக்காதவங்களுக்கு எதுன்னு உங்க தம்பி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அதனால அடுத்த தடவ ஒப்பிடும்போது மெட்ராஸ்ல ஏசி ரூம்ல உக்காந்து பண்ணாம அந்தத் தம்பிய இங்க அனுப்பி வைங்க. பஸ்ஸு மலை ஏறும்போது பாதி வழியில சிக்னல் போயிரும், மைக்கு சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், அதுக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லுங்க. பக்கத்துல பெட்ரோல் பங்க்னு கேக்கச் சொல்லுங்க, கேரளா பங்க காட்டும், நாலு எட்டு கீழ எறங்குனா தமிழ்நாட்டுல வெல கம்மி, அத எந்த ஆப்பு சொல்லுதுன்னு பாக்கட்டும். மதுரைக்கு பஸ் எங்க ஏறணும்னு கேக்கட்டும், ரெண்டு பஸ் ஸ்டாண்டு இருக்குறது எத்தன ஆப்புக்குத் தெரியுதுன்னு பாக்கட்டும், போன மாசம் கூட ஒரு குடும்பம் மூட்ட முடிச்சோட கேரளா ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் நின்னுட்டு வந்து எங்ககிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. லாட்டரிக் கடைய கேக்க வேணாம், அத எல்லா ஆப்பும் கரெக்டா காட்டிருது, தமிழ்நாட்டுல 2003ல தடை பண்ணதுல இருந்து இங்க மூலைக்கு மூலை அதான். சீசன் நேரத்துல வந்தா இன்னும் நல்லது, கூட்டம் சாஸ்தியானா போலீசு ஒரு வழியாக்கி, போறப்ப கம்பம்மெட்டு மலை ரோடு வழியா சுத்தி விட்டு, திரும்புறப்ப குமுளி வழியா எறக்குவாங்க, அந்த நேரத்துல சபரிமலைக்கு வழி கேட்டா எந்த ஆப்பு எந்தப் பக்கம் தள்ளுதுன்னு பாக்கலாம்.

வரும்போது மாவாட்டுற அக்காவையே கேள்வி கேக்கச் சொல்லுங்க, தம்பி சும்மா பக்கத்துல உக்காந்து எழுதிக்கட்டும். ஆந்திரா கம்பத்து மெக்கானிக் அண்ணன் நம்பரும் என்கிட்ட இருக்கு, இந்தக் கார்த்திகைக்கு மாலை போட்டிருக்காராம், குமுளி வழியாத்தான் திரும்புவேன், உங்க கம்பத்தையும் ஒரு தடவ பாக்கணும்னு போன் பண்ணி சொன்னாரு. வந்தா அவரையும் உங்க தம்பியையும் ஒரே டேபிள்ல உக்கார வைக்கிறேன்.

மெஸ்ஸு காலையில ஆறரைக்குத் தொறக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் லீவு, ஒரு ஆப்புல 24 மணி நேரமும்னு போட்டிருக்கு, அத நம்பி வந்துறாதீங்க.

இப்படிக்கு,
மெஸ் நடத்தும் வாசகி,
குமுளி.